‘லாம்’ என்று முடியும் வாக்கியங்கள்

முப்பத்தைந்து பள்ளி நாட்கள் என்கிறது சட்டம்.
சனி ஞாயிறு சேராது.
ஈஸ்டர் விடுமுறை சேராது.
நெரிஸ் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணினாள்,
ப்ளைனாயிலிருந்து போர்த்மாடோக் வரை
பேருந்து ஓட்டியபடி,
நிறுத்தத்துக்கு ஒரு நாளாக.
விடுமுறையிலும் இத்வாலுக்கு
அதே காதுகள்தானே.

இன்று வரைவு வந்துவிட்டது.
ஒன்பது பக்கம், வெல்ஷ் மொழியில்.
அதுவும் கேட்டு வாங்கியதுதான்.
வெளியே மழை
ஸ்லேட் கல் குவியல்களைக் கறுப்பாக்கி
இன்னும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது.

உதவியாளர் ஒருவர் உடனிருக்கலாம்.
அமைதியான அறை வழங்கப்படலாம்.
இயன்றவரை. தேவைப்படும்போது. சூழலைப் பொறுத்து.

நெரிஸ் பென்சிலை எடுத்து
‘லாம்’களின் வாலை நறுக்கத் தொடங்கினாள்.
பக்கம் திருப்பினால்
பல்லிக்குப் போல மறுபடி முளைத்திருந்தது.
யார் வருவார்? எந்தக் கிழமை?
எத்தனை மணி நேரம்?

எதிரே மரேட், ஒருங்கிணைப்பாளர்.
அறுபத்தொரு பிள்ளைகள்,
அவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்,
மிச்ச நாளெல்லாம் நான்காம் வகுப்பு.
‘லாம்’ தவிர அவளிடம் வேறென்ன கையிருப்பு?

“வேண்டும் என்று எழுதினால்
ஆள் வேண்டும், நெரிஸ்.”

“வேண்டும்,” என்றாள் நெரிஸ்.

இதை நான் எழுதும் மொழியில்
தேவைக்கும் கட்டளைக்கும் ஒரே சொல்.
அந்த அறையில் அது இரண்டாகப் பிளந்து
மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
உட்கார்ந்திருந்தது, தேநீர் ஆறும்வரை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
பிள்ளையின் கருத்து.
இத்வாலுக்கு ஒன்பது வயது, பேசுவதில்லை.
பேசாத பிள்ளையையும் கேட்டாக வேண்டுமே என்று
மரேட் ஒரு வியாழனன்று
பென்சிலும் இருபது நிமிடமும் கொடுத்திருந்தாள்.
ஒரு சதுரம். அதன் அடியில் ஒரு வாய்.
வாயிலிருந்து தாள் கிழியுமளவு கோடுகள்.
கீழே மரேட்டின் கையெழுத்து:
‘மாணவர் வீடு வரைந்துள்ளார். மழை பெய்கிறது.’

ரேடியேட்டரைத் திருக வந்த கெதின்,
பள்ளியின் காவலாள், கையில் ஸ்பேனரோடு,
தலைகீழாகத் தெரிந்த தாளை எட்டிப் பார்த்தான்.
“வீடா? பையன்கள் கழிப்பறையில்
கை உலர்த்தும் மெஷின் அது.
மூலையில் அந்தக் கீறலைக்கூடப் போட்டிருக்கிறானே.
போன அக்டோபரில் நான்தான் மாட்டினேன்.”

அக்டோபர்.
நெரிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள்.
மூன்றரை மணிக்கு ஈரக் கால்சட்டை,
பாங்கரில் மருத்துவர், சிறுநீர்ப் பரிசோதனை,
நனையாத நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று
குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய அட்டவணை.
ஏழு மாதத்தில் நான்கு நட்சத்திரம்.
அவளும் ஒருமுறை அவனைத் திட்டியிருக்கிறாள்.
ஒருமுறையா?

மரேட் ‘வீடு’ என்பதை அடித்தாள்.
கொஞ்சம் யோசித்து ‘மழை’யையும்.
“நான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.
கெதின் அதற்குள் போய்விட்டான்.
ரேடியேட்டர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.
பன்னிரண்டு மணி நேரம் கேட்டு
ஒன்பதுக்கு வந்தது.
ஆறாம் பக்கத்தில் இன்னும் இரண்டு ‘லாம்’
அசையவில்லை.
தீர்ப்பாயத்தின் முகவரியை
நெரிஸ் கைப்பையில் மடித்து வைத்திருக்கிறாள்.
அதை மரேட்டும் பார்த்தாள்.
பார்த்ததில் அவளுக்கு வருத்தமில்லை என்றே தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை இத்வால்
அம்மாவின் பேருந்தில் ஏறினான்.
கால்சட்டை உலர்ந்திருந்தது.
இரண்டு பையும் புடைத்திருந்தன:
பச்சைக் காகிதத் துண்டுகள்,
பள்ளி வாங்கி வைத்ததில் பாதியாவது இருக்கும்.
ஒன்றை உருவி நீட்டினான்.

உள்ளே கண்ணாடி பனித்துப் போயிருந்தது.
துடைத்தாள்.
வண்டியை எடுத்தாள்.